அரைப் பேரு

பழநி பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் பிடித்தால், கொஞ்ச நேரத்தில் பாலசமுத்திரம் வந்துவிடும். மலைக்குப் போய் மொட்டை போட்டு, பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிற கூட்டத்தில் பெரும்பாலானோருக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது. ஒரு காலத்தில் பாளையக்காரர்கள் இருந்து ஆண்ட ஊர். பக்கத்திலேயே பாலாறு-பொருந்தலாறு அணை. அணையைத் தாண்டித் தெற்கே பார்த்தால், கண்ணை அடைத்துக்கொண்டு கொடைக்கானல் மலை நிற்கும்.

அங்கே ஒரு டீக்கடை. கடைப் பையனின் செல்போனில் 'என்ஜாய் எஞ்சாமி' ஓடிக்கொண்டிருந்தது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்காமல் தப்பித்திருக்க வழியே இல்லை!

"இந்தப் பாட்டுக்கு எவ்ளோ சண்டை தெரியுமா சார்? செஸ் போட்டி மேடையில பாட்டு வந்துச்சு. எழுதினவரு வரல. யாரு பேரு, என்ன பேருன்னு ஒரே ரகளை" என்றான் பையன்.

பெஞ்சில் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்த ஒரு வயசான அம்மா தலையைத் தூக்கினார்.

"ஏஞ் சாமி... அந்தப் பயலுக்குப் பேரு போடலியா?"

"போட்டாங்க ஆத்தா. ஆனா..."

"அப்ப அரைப் பேரா?"

பையனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். அந்த அம்மாவிடமே கேட்டேன். சின்ன வயசில் கண்டிப் பக்கம் கொழுந்து பறித்தவராம். கப்பலேறித் திரும்பி வந்து, மேலே கொடைக்கானல் மலையில் பல வருஷம் கூலி வேலை. இப்போது மகள் வீட்டில், இந்த அடிவாரத்தில். 'அரைப் பேரு' என்பது அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து அவர் கையோடு கொண்டுவந்த வார்த்தை.

டீ ஆறிவிட்டது. அந்த வார்த்தை மட்டும் என்னை விடவில்லை. ஒரு பாட்டுக்காரனின் கதையை அந்த வார்த்தையில் இருந்தே தொடங்கலாம் என்று தோன்றியது. கொஞ்சம் பொறுமையாகக் கூடவே வாருங்கள். இலங்கை மலைக்குப் போய், அரக்கோணம் வழியாகச் சென்னை மேடைக்கு வருவோம்.

* * *

1820-களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் இலங்கையின் மலைக் காடுகளை அழித்துக் காபி போட ஆரம்பித்தார்கள். வேலைக்கு ஆள் வேண்டும். கடலுக்கு இந்தப் பக்கம் பஞ்சமும் சாதிக் கொடுமையும் போட்டி போட்டுக்கொண்டு ஆளை விரட்டிக்கொண்டிருந்தன. திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி... இந்த ஜில்லாக்களின் கிராமங்களில் இருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். இன்றைய திண்டுக்கல் மாவட்டம் அப்போது மதுரை ஜில்லாவுக்குள் இருந்தது. 1985-ல்தான் தனி மாவட்டம் ஆனது.

ஆள் பிடித்துப் போனவர் கங்காணி. பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரர்! "தேங்காயும் மாசியும் தோண்டத் தோண்டக் கிடைக்கும்" என்கிற ரீதியில் அளந்துவிட்டு, முன்பணம் கொடுப்பார். அந்த முன்பணம்தான் தூண்டில். போகிற வழிச் செலவு, சாப்பாடு, துணி எல்லாம் கடன் கணக்கில் ஏறும். தோட்டம் மாறவேண்டும் என்றால் 'துண்டு' என்ற கடன் சீட்டு வேண்டும். "இந்த ஆளின் கடனை அடைத்தால் இந்த ஆளைத் தருகிறோம்" என்று அதில் எழுதியிருக்கும். மனிதனுக்கு விலைச்சீட்டு! இந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921-ல்தான்.

முதல் தலைமுறை நடந்தே போனது. கடற்கரை வரை நடை, பிறகு படகு, மன்னாரில் இறங்கி மறுபடி காட்டுக்குள் நடை, மாத்தளை வரை. காலராவும் காய்ச்சலும் காத்திருந்தன. விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அவர்கள் எத்தனை பேர், யார் யார்? பேர் எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

1869 வாக்கில் காபிச் செடிக்கு இலைத் துரு நோய் வந்து, காபி படுத்தது. அதற்கு 2 வருஷம் முன்னால், 1867-ல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். காபி போன இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. காபிக்கு ஸீஸனில் ஆள் இருந்தால் போதும். தேயிலைக்கு வருஷம் பூராவும் வேண்டும். போனவர்கள் அங்கேயே தங்கினார்கள். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். அவற்றுக்குப் பேர் 'லயம்'.

விடியுமுன் தப்பு அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு எழுந்து 'பெரட்டுக் களத்தில்' வரிசையில் நிற்கவேண்டும். ஆமாம், ஊரில் சாவுக்கும் சாமிக்கும் அடித்த அதே தப்புதான். மலையில் அது ஆபீஸ் மணி ஆகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு நாள் வேலையை முழுசாக முடித்தால் கணக்கப்பிள்ளை செக்ரோலில் 'பேரு' போடுவார். பேரு என்றால் ஒரு நாள் சம்பளம். நிர்ணயித்த அளவு கொழுந்து பறிக்க முடியாமல் போனால்? மழையாக இருக்கலாம், உடம்புக்கு முடியாமல் இருக்கலாம், கொழுந்தே இல்லாமல் இருக்கலாம். அதெல்லாம் கணக்கில் வராது. 'அரைப் பேரு'தான். பாதிச் சம்பளம்.

நாள் முழுக்க மலையேறி இறங்கிய ஒரு மனுஷியிடம் "இன்றைக்கு நீ பாதிதான்" என்று சொல்கிற வார்த்தை அது.

* * *

இலங்கை சுதந்திரம் அடைந்த அதே வருஷம், 1948-ல், ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களில் லட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போயிற்று. இந்தியாவும் "இவர்கள் எங்கள் ஆட்கள்" என்று உடனே சொல்லிவிடவில்லை. அரைப் பேரும் போய், பேரே இல்லாத நிலை!

1964 அக்டோபர் 30. லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகேவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். மூட்டை பிரிக்கிற கணக்கு மாதிரி இல்லை?

தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கொடுத்த காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிரிந்து போனார்கள். அரசாங்கம் வைத்த பேர் 'தாயகம் திரும்பியோர்'. ஊர் வைத்த பேர் 'சிலோன்காரங்க'. அவர்களுக்கு வேலை தருவதற்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. சிலர் கொடைக்கானல் மலைக்குப் போனார்கள். சிலர் தாத்தா கிளம்பிய ஊரைத் தேடிப் போய், அங்கே நிலமும் இல்லை, அடையாளம் சொல்ல ஆளும் இல்லை என்று தெரிந்து வேறு ஊர் பார்த்தார்கள்.

அப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர்களில் ஒருவர் வள்ளியம்மாள். அரக்கோணத்தில் குடும்பம். அவருக்கு ஒரு பேரன். அறிவரசு கலைநேசன். நமக்கு 'தெருக்குரல்' அறிவு.

* * *

அறிவு இன்ஜினீயரிங் படித்தவர். பிறகு எம்.பி.ஏ. சராசரித் தமிழ்க் குடும்பம் போடுகிற கணக்குப்படி அடுத்தது ஒரு ஐ.டி. கம்பெனி, ஒரு இ.எம்.ஐ. ஆனால் பையன் கவிதை எழுதிக்கொண்டிருந்தான். அதை வாசிப்பதைவிடத் தாளத்தோடு சொன்னால் ஆள் நின்று கேட்கிறான் என்பதையும் கண்டுபிடித்துவிட்டான். அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதித் தெருக்களில் கண்டுபிடித்த அதே சமாசாரம். கையில் வாத்தியம் இல்லையா? வாயே வாத்தியம்!

2017-ல் இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக் கலைஞர் டென்மாவும் சேர்ந்து ஒரு பேண்ட் ஆரம்பித்தார்கள். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பேர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 100 வருஷத்துக்கு முன்னால் அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற சொல்லில் இருந்து. 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று பத்திரிகை ஆரம்பித்தாரே, அவர்தான்.

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. மேடையில் 19 பேர். வடசென்னை கானாப் பாடகர்கள், பறை, கிடார், டிரம்ஸ், ராப். கானா என்றால் சாவு வீட்டுப் பாட்டு என்று மூக்கைப் பிடித்துக்கொண்ட நகரம், அன்று ஆயிரக்கணக்கில் வந்து நின்று கேட்டது. கூட்டத்தில் ஒரே ஒரு பெண் குரல், இசைவாணி. 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பேர் இடம்பெற்றது.

'இண்டி பேண்ட்' என்கிறார்களே, அதன் அர்த்தம் இதுதான். சினிமாவுக்காக எழுதாத பாட்டு. "ஹீரோ என்ட்ரி ஸார், கொஞ்சம் மாஸா வேணும்" என்று யாரும் கேட்காத பாட்டு. என்ன பாடவேண்டும் என்பதைப் பாடுகிறவனே முடிவு செய்கிற பாட்டு. தமிழ்நாட்டில் இது அபூர்வம். பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்று நாம் பழகிவிட்டோம்.

விடியுமுன் லயத்து ஜனங்களைத் தட்டி எழுப்பிய தப்பு, இந்த மேடையில் வேறு வேலைக்கு வந்திருந்தது.

* * *

இந்த இடத்தில் ஒரு கேள்வி. 19 பேர் சேர்ந்து நன்றாகத்தானே பாடுகிறார்கள். அதில் ஒருவர் ஏன் தனியாக வரவேண்டும்?

இது உலகம் பூரா நடக்கிற கதை. கூட்டம் ஒரு நிழல். புதுப் பையனுக்கு அது பாதுகாப்பு. ஆனால் நிழலில் நின்றுகொண்டு ஒரு செடி எவ்வளவுதான் வளர முடியும்? 1970-ல் பீட்டில்ஸ் உடைந்தபோது, ஜான் லெனானும் பால் மெக்கார்ட்னியும் பாட்டு எழுதும் நிழலில் ஒதுங்கி நின்ற ஜார்ஜ் ஹாரிஸன், அதே வருஷம் 3 இசைத்தட்டுகள் கொண்ட ஆல்பத்தை இறக்கினார். இத்தனையும் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று உலகமே வியந்தது!

நம் ஊர்க் கதையும் உண்டு. பாலசமுத்திரம் இருந்த அதே பழைய மதுரை ஜில்லாவில் பண்ணைப்புரம் என்று ஓர் ஊர். அங்கே பாவலர் வரதராஜன் என்று ஒரு கம்யூனிஸ்ட் பாட்டுக்காரர். தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் பாடினார். 1958-ல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி ஜெயிக்க அவர் பாட்டு பெரும் உதவி. அந்தக் குழுவுக்குத் தயாரிப்பாளர் கிடையாது, ஸ்டுடியோ கிடையாது. இன்றைய பாஷையில் சொன்னால் அசல் இண்டி பேண்ட்! அதில் ஆர்மோனியம் வாசித்த தம்பி ராசய்யா, 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜா ஆனார். அதைப் பார்க்க அண்ணன் உயிரோடு இல்லை. பிறகு தம்பிகள் சினிமாக் கம்பெனி ஆரம்பித்தபோது வைத்த பேர் 'பாவலர் கிரியேஷன்ஸ்'. அண்ணனுக்கு முழுப் பேரு போட்டார்கள்.

அறிவும் கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடிக்கொண்டே தனிப் பாதை போட்டார். 2018-ல் ரஜினியின் 'காலா'வில் பாட்டு எழுதினார். 2019-ல் ஒஃப்ரோ என்ற இசைக் கலைஞரோடு சேர்ந்து 'தெருக்குரல்' என்ற ஆல்பம். திருக்குறளை லேசாகத் திருப்பிப் போட்ட பேர். சாதி, தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடு என்று சினிமா தொடத் தயங்குகிற விஷயங்களை எல்லாம் அதில் தொட்டார். அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து ஒரு பாட்டு. பாட்டி ஒரு குடியுரிமைச் சட்டத்தால் அலைந்தவர். பேரன் இன்னொரு குடியுரிமைச் சட்டத்தைப் பற்றிப் பாடியதில் என்ன ஆச்சர்யம்?

* * *

2021 மார்ச் 7. 'என்ஜாய் எஞ்சாமி' வெளியானது. பாடியவர்கள் தீ, அறிவு. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது 'மாஜ்ஜா' என்ற நிறுவனம். சினிமா இல்லை, ஹீரோ இல்லை, டீஸர் இல்லை. யூடியூபில் இதுவரை 40 கோடி தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள்.

'எஞ்சாமி' என்றால் என்ன? அறிவே விளக்கியிருக்கிறார். கூலிக்காரர்கள் நிலக்காரரை "என் சாமி" என்று கூப்பிட்டார்கள். அதே வார்த்தையால் பாட்டி பேரனைக் கொஞ்சினாள். "என் தாயி, என் சாமி." அடிமைத்தனத்தின் வார்த்தையைக் கிழவிகள் வீட்டுக்குக் கொண்டுபோய், கழுவித் துடைத்து, பிள்ளையைக் கொஞ்ச வைத்துக்கொண்டார்கள். பழநிப் பக்கம் உங்களுக்குச் சொந்தம் இருந்தால் தெரியும். பாதயாத்திரை போகிறவனும் சாமி, மலை மேல் இருப்பவனும் சாமி, மடியில் கிடக்கிற குழந்தையும் சாமி. அந்த டீக்கடை அம்மா பையனை எப்படிக் கூப்பிட்டார் என்பதை இன்னொரு முறை மேலே போய்ப் பாருங்கள்.

கல்யாண வீட்டில் ஆடினார்கள். ஜிம்மில் ஓடினார்கள். சின்னக் குழந்தைகள் பாடின. காடு திருத்தித் தோட்டம் போட்டவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு பிடிகூட மிஞ்சவில்லை என்ற வேதனைதான் பாட்டுக்குள் இருக்கிறது என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள்? சோகத்துக்கு ஆடத் தெரிந்த ஜனங்களின் பாட்டு அது. நம் சாவு வீட்டிலும் தப்பு அடித்தால் கால் தானாக ஆடும் இல்லையா?

பாட்டு பெரிதாக வளர்ந்தது. பேர்ச் சண்டை ஆரம்பித்தது.

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகையின் அட்டையில் தீயும், கனடாவின் ஈழத் தமிழ் ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும். அறிவின் படம் இல்லை. இருவர் பாடிய பாடல்களிலும் எழுத்தில் அறிவு உண்டே என்று பா.இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார். சர்ச்சை கிளம்பியது. அந்த மாதமே அறிவை வைத்து இன்னோர் அட்டையை இணையத்தில் வெளியிட்டது பத்திரிகை.

2022 ஜூலை 28. சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமர், முதலமைச்சர், உலகமே பார்க்கிறது. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. சில நாளில் அறிவு இணையத்தில் எழுதினார். இந்தப் பாட்டுக்கு மெட்டும் வரியும் தனக்கு யாரும் தரவில்லை, ஏறக்குறைய ஆறு மாதம் தூக்கம் இல்லாமல் உழைத்தேன் என்பது அவர் சொன்னதன் சாரம்.

சந்தோஷ் நாராயணனும் பதில் சொன்னார். பாட்டு மூவரும் சேர்ந்து உருவாக்கியது. வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம். விழா நேரத்தில் அறிவு அமெரிக்காவில் இருந்ததால் வர முடியவில்லை. தீயும், தான் பேசிய எல்லா இடங்களிலும் அறிவுக்கு உரிய இடத்தைக் கொடுத்தே வந்ததாகச் சொன்னார்.

யார் சொல்வது சரி? பஞ்சாயத்து பண்ண இந்தப் பத்தியில் இடம் இல்லை, எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் இந்தச் சண்டை ஏன் வந்தே தீரும் என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

சினிமாப் பாட்டில் கோடு தெளிவு. மெட்டு இசையமைப்பாளர். வரி கவிஞர். குரல் பாடகர். ராப் பாட்டில் இந்தக் கோடு அழிந்துவிடுகிறது. வரியைச் சொல்கிற விதத்திலேயே தாளம் இருக்கிறது, ஏற்ற இறக்கத்திலேயே மெட்டும் பாதி வந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஓசையை அடுக்கி, வாத்தியம் சேர்த்து, உலகம் கேட்கும்படி செய்கிறவர் இன்னொருவர். அவர் உழைப்பும் படைப்புதான். பாட்டு எங்கே முடிகிறது, இசை எங்கே ஆரம்பிக்கிறது? கத்தி வைத்துப் பிரிக்க முடியாது.

நம் காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. வரி தனி உரிமை, இசை தனி உரிமை, பதிவான ஒலி தனி உரிமை. 2012-ல் ஒரு முக்கியமான திருத்தம் செய்தார்கள். பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும், ராயல்டியில் தங்களுக்குச் சேரவேண்டிய சமப் பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. அவசரத்தில் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. இதற்காக நாடாளுமன்றத்தில் வாதாடியவர் கவிஞர் ஜாவேத் அக்தர். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் பங்கு கேட்க முதலில் பணம் வரவேண்டுமே? 2024 மார்ச்சில், பாட்டு வந்து 3 வருஷம் ஆன பிறகு, சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோவில் சொன்னார்: இந்தப் பாட்டில் இருந்து தங்கள் மூவருக்குமே இதுவரை வருமானம் வரவில்லை.

கோடிக் கணக்கில் பார்வை. கைக்கு வந்தது பூஜ்யம் என்கிறார் படைத்தவர். கொழுந்து பறித்த கைக்கும் டீ குடித்த வாய்க்கும் நடுவே எவ்வளவு தூரம் பாருங்கள்!

* * *

இந்தத் தூரத்தில் தொலைந்துபோன ஒருவரையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாட்டுக்காரர். 'ஈவினிங் பேர்ட்ஸ்' என்று நண்பர்களோடு ஒரு குழு. 1939-ல் ஜோகன்னஸ்பர்க்கில் 'ம்பூபே' என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். ஜூலு மொழியில் சிங்கம் என்று அர்த்தம். உரிமையை அவர் விற்ற விலை 10 ஷில்லிங். அந்தப் பாட்டு அமெரிக்கா போய், பேர் மாறி, ஆள் மாறி, 1961-ல் உலக ஹிட். 1994-ல் டிஸ்னியின் 'லயன் கிங்' படத்திலும் வந்தது. உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் அந்த மெட்டு தெரியும். லிண்டா 1962-ல் ஏழையாகவே செத்துப்போனார். அவர் மகள்கள் வழக்குப் போட்டு, 2006-ல்தான் சமரசமாகி ஏதோ பங்கு கிடைத்தது. அரைப் பேரு, அதுவும் 67 வருஷம் கழித்து.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. ஜமைக்காவில் பாப் மார்லி. 'வெய்லர்ஸ்' என்ற குழுவில் பீட்டர் டாஷ், பன்னி வெய்லர் என்ற இரண்டு நண்பர்களோடு வளர்ந்தவர். 1973-74 வாக்கில் அவர்கள் பிரிந்து போக, மார்லி தன் பேரை முன்னால் போட்டுக்கொண்டார். அவருடைய மிகப் பிரபலமான 'நோ வுமன், நோ க்ரை' பாட்டின் ஆசிரியர் என்று அச்சில் இருப்பது யார் பேர் தெரியுமா? வின்சென்ட் ஃபோர்ட். கிங்ஸ்டன் சேரியில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய நண்பர். அந்த ராயல்டியில் கஞ்சித் தொட்டி அணையாமல் எரியட்டும் என்றுதான் மார்லி நண்பன் பேரைப் போட்டார் என்று பலரும் சொல்வார்கள்.

பேர் என்பது வெறும் புகழ் இல்லை என்பதை மார்லி புரிந்துவைத்திருந்தார். தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கும் அது நன்றாகத் தெரியும். பேர்தான் சோறு!

* * *

சண்டைக்குப் பிறகு அறிவு என்ன செய்தார்? ஒதுங்கவில்லை. 'அம்பாசா' என்று தனக்கென ஒரு குழு அமைத்துக்கொண்டார். கூட்டத்தில் இருந்து தனியாக வந்தவர், தன்னைச் சுற்றி மறுபடி ஒரு கூட்டத்தைக் கட்டிக்கொண்டார். தனியாகப் பாட முடியும். தனியாகப் பறை, கிடார், டிரம்ஸ் எல்லாம் வாசிக்க முடியாதே!

2024-ல் தனி ஆல்பம் வந்தது. தனியாக நிற்கிற கலைஞன் ஆல்பத்துக்குத் தன் பேரை வைப்பது உலக வழக்கம். அறிவு வைத்த பேர், 'வள்ளியம்மா பேராண்டி'.

யோசித்துப் பாருங்கள். எந்த செக்ரோலில் எத்தனை நாள் அந்தப் பாட்டிக்கு அரைப் பேரு விழுந்ததோ... எந்த அதிகாரி மண்டபம் முகாமில் அந்தப் பேரைத் தப்புத் தப்பாக எழுதினாரோ... இன்று ஆல்பத்தின் தலைப்பிலேயே பாட்டி. பேரன் தன்னை "அவளுடைய பேரன்" என்று சொல்லிக்கொண்டு பின்னால் நிற்கிறான். பேரன் என்ற சொல்லே அப்படி வந்ததுதான் என்பார்கள். தாத்தா பாட்டியின் பேரைச் சுமக்கிறவன் பேரன்.

தன் பேருக்காகச் சண்டை போட்ட அதே மனிதர்தான் அடுத்தவர் பேரைத் தலைப்பில் வைத்தார். இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. தனக்கு முழுப் பேரு வேண்டும் என்று கேட்கத் தெரிந்தவனுக்குத்தான், யார் யாருக்கெல்லாம் அரைப் பேரு விழுந்தது என்பதும் ஞாபகம் இருக்கும்.

நீங்களும் ஒரு காரியம் செய்யலாம். செலவில்லாதது. அடுத்த முறை ஒரு பாட்டு பிடித்துப்போனால், உடனே அடுத்த பாட்டுக்குத் தாவாமல், எழுதியது யார், வாசித்தது யார், மெட்டுப் போட்டது யார் என்று ஒரு நிமிஷம் பாருங்கள். திருவிழா மேடையில் பாட்டுக் கச்சேரி முடியும்போது, "தபேலா... கீபோர்டு... பேட்..." என்று ஒவ்வொருவர் பேராகச் சொல்வார்களே, நாம் அப்போதுதான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்போம். அன்றைக்கு மட்டும் இரண்டு நிமிஷம் நின்று கை தட்டுங்கள்.

பாலசமுத்திரத்தில் பஸ் வந்துவிட்டது. நான் எழுந்தேன். பையன் அந்த அம்மாவுக்கு இன்னொரு டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

"ஆத்தா, அந்தப் பாட்டுக்காரரு தன் பாட்டி பேருல ஒரு ஆல்பமே போட்டிருக்காரு" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார்.

"முழுப் பேரா?"

"ஆமா ஆத்தா."

"அப்ப சரி, சாமி" என்று டீயை வாங்கிக்கொண்டார்.

பஸ் கிளம்பி வெகு தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. அவ்வளவு நேரம் பேசியும், அந்த அம்மாவின் பேரை நான் கேட்கவே இல்லை.